பிள்ளைச் சோற்றுப் பாக்கி

(ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



கூலி, போனஸ், பஞ்சப்படி என்று பேசிப் பழகிய மேடை இது. இன்று வேறொரு பாக்கியைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். முதலாளி நமக்குத் தரவேண்டிய பாக்கி அல்ல. பண்ணையார் களத்துமேட்டில் அளக்காமல் விட்ட நெல்லும் அல்ல. நம்மிலேயே சிலர், தீர்த்து விட்ட மனைவியிடம் வளர்கிற தம் சொந்தப் பிள்ளைகளுக்குத் தரவேண்டிய பாக்கி. "இது வீட்டு விவகாரம், சங்க மேடையில் எதற்கு?" என்று முன்வரிசையில் சிலர் முகத்தைச் சுளிப்பது தெரிகிறது. சுளிக்கட்டும். வீட்டு விவகாரம் என்று சொல்லிச் சொல்லித்தான் அந்தப் பிள்ளைகளின் வயிறு ஒட்டிப் போயிருக்கிறது.

முதலில் ஒரு கூலிக் கணக்கு. 1957 ஜூலையில் புதுடில்லியில் 15-வது இந்தியத் தொழிலாளர் மாநாடு கூடியது. குறைந்தபட்சக் கூலியை எப்படிக் கணக்கிடுவது என்று அங்கேதான் முடிவாயிற்று. ஒரு தொழிலாளியின் கூலி மூன்று பங்குக்குக் காணவேண்டும் என்றார்கள். தொழிலாளிக்கு ஒரு பங்கு, மனைவிக்கு முக்காலே சொச்சம், இரண்டு பிள்ளைகளுக்கும் ஆளுக்கு அரைக்குச் சற்று மேல், கூட்டினால் மூன்று. இன்றுவரை ஒவ்வொரு கூலி வழக்கிலும் இந்தக் கணக்கை வைத்துத்தான் நாம் வாதாடுகிறோம். சென்னையிலிருந்து போன ரெப்டகோஸ் பிரெட் கம்பெனித் தொழிலாளர் வழக்கில் 1991-ல் சுப்ரீம் கோர்ட்டு இன்னும் ஒருபடி மேலே போய், பிள்ளைகளின் படிப்பு, வைத்தியம், நல்லது பொல்லாததுக்கு என்று மேற்கொண்டு 25 சதவிகிதம் சேர்க்கச் சொன்னது.

ஆக, கூலி கேட்கிறபோது பிள்ளையைக் காட்டிக் கேட்கிறோம். பேச்சுவார்த்தை மேஜையில் பிள்ளையின் பால், பிள்ளையின் சட்டை, பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவு எல்லாவற்றையும் வரிசையாக எழுதி வைக்கிறோம். கூலி கைக்கு வந்தபிறகு, மனைவியோடு ஒத்துப்போகவில்லை, பிரிந்துவிட்டோம் என்பதற்காக மூன்று பங்கையும் ஒருவனே வைத்துக்கொள்ளலாமா? பிள்ளையின் பெயரைச் சொல்லி வாங்கிய பணத்தைப் பிள்ளைக்குத் தராதவனை என்ன பெயர் சொல்லி அழைப்பது? வேறு யாராவது இதைச் செய்தால் கையாடல் என்போம்.

புருஷனும் பெண்சாதியும் பிரிவது புதிதல்ல. நம் மதுரைச் சீமையில் பல சாதிகளில் துரும்பு கிள்ளிப் போட்டுத் தீர்த்துக்கொள்ளும் வழக்கம் தலைமுறை தலைமுறையாக இருந்தது. ஒத்துவராதவர்கள் சேர்ந்திருந்து ஒருவரையொருவர் வதைப்பதைவிடப் பிரிவது மேல் என்று நம் பாட்டன் பாட்டிகளுக்கே தெரிந்திருந்தது. 1955-ம் வருஷத்து இந்து விவாகச் சட்டமும் இந்த வழக்கங்களைத் தள்ளிவிடவில்லை. பிரிவதைக் குறைசொல்ல நாம் வரவில்லை. துரும்பு கிள்ளினால் புருஷன் பெண்சாதி உறவு அறும். அப்பன் பிள்ளை உறவு எந்தத் துரும்பில் அறும் என்பதே நம் கேள்வி.

சட்டம் என்ன சொல்கிறது? வெள்ளைக்காரன் காலத்திலேயே, தன்னால் முடிந்தும் மனைவி மக்களைப் பட்டினி போடுகிறவனை மாஜிஸ்திரேட்டு முன் நிறுத்த வழி இருந்தது. 1898-ம் வருஷத்துக் கிரிமினல் நடைமுறைச் சட்டத்தின் 488-வது பிரிவு அது. அப்போது உச்சவரம்பு மாதம் 50 ரூபாய். 1923-ல் 100 ஆயிற்று, 1955-ல் 500. அன்றைக்கு 500 ரூபாய் என்பது ஆலைத் தொழிலாளி மாதச் சம்பளமாகக் கண்ணால் காணாத தொகை. பிறகு என்ன நடந்தது? 1973-ல் சட்டத்தையே புதிதாக எழுதினார்கள், 488 போய் 125 வந்தது. ஆனால் 500 மட்டும் அசையவில்லை. அரிசி விலை ஏறியது, வீட்டு வாடகை ஏறியது, பஸ் கட்டணம் எத்தனையோ தரம் ஏறியது. மத்தியச் சட்டத்தில் பிள்ளைச் சோற்றின் உச்சவரம்பு 2001 செப்டம்பர் வரை அதே 500-லேயே நின்றது. 46 வருஷம்! பார்லிமெண்டு உறுப்பினர்களின் சம்பளம் இப்படி ஒரே இடத்தில் நின்றதுண்டா?

நடுவில் ஒரு நல்ல காரியம் நடந்தது. அந்த 500 ரூபாய் குடும்பம் முழுவதற்குமா, ஆளுக்கா என்று ஒரு வழக்கு வந்தது. ஆளுக்கு என்று 1978-ல் தீர்ப்பளித்தவர் வி. ஆர். கிருஷ்ணய்யர். 1957-ல் கேரளத்தில் அமைந்த கம்யூனிஸ்டு மந்திரிசபையில் சட்ட மந்திரியாக இருந்து, பின்னால் சுப்ரீம் கோர்ட்டு நீதிபதியானவர். ஏழையின் வீட்டைப் பார்த்தவர் நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்தால் ஒரு சொல்லுக்கும் அர்த்தம் மாறும்.

இப்போது உச்சவரம்பு கிடையாது. 2024 ஜூலை முதல் தேதியிலிருந்து சட்டத்தின் பெயர் மாறி, எண்ணும் 144 ஆகியிருக்கிறது, சாரம் அதேதான். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்ற பேதம் இதில் இல்லை. தாலி கட்டிப் பிறந்த பிள்ளை, கட்டாமல் பிறந்த பிள்ளை என்ற பேதமும் இல்லை. முஸ்லிம் தாய்மார்களுக்கு ஷா பானு வழக்கில் 1985-ல் கிடைத்ததை 1986-ல் ஒரு தனிச் சட்டம் போட்டுக் குழப்பினார்கள். ஆனால் பிள்ளையின் உரிமையை அந்தச் சட்டம் தொடவில்லை என்று 1997-லேயே தீர்ப்பாகிவிட்டது. தாயும் கேட்கலாம் என்பது 2024 ஜூலையில் மறுபடி உறுதியாயிற்று.

இனி, நம் தமிழ்நாட்டில் நடந்த ஒரு வழக்கைச் சொல்கிறோம். பெயர் வேண்டாம், அவர்களும் நம்மைப்போன்ற மனிதர்கள். தாய்க்கு மாதம் 300, பிள்ளைக்கு மாதம் 300 என்று உத்தரவு. மனுப்போட்ட 1993 பிப்ரவரியிலிருந்தே கொடுக்கவேண்டும். தகப்பன் கொடுக்கவில்லை. 1998-ல் அந்தத் தாய் பாக்கிக்காக மனுப்போட்டாள். பிறகு 2002-ல் மறுபடியும். மாஜிஸ்திரேட்டு முழுப் பாக்கிக்கும் உத்தரவிட, ஐகோர்ட்டோ, கடைசி ஒரு வருஷத்துப் பாக்கியை மட்டும்தான் வசூலிக்கலாம் என்றது. தாய் விடவில்லை. டில்லிக்குப் போனாள். 2013 செப்டம்பரில், அதாவது முதல் மனுவுக்கு இருபது வருஷம் கழித்து, சுப்ரீம் கோர்ட்டு சொன்னது: ஒரு வருஷம் கடந்தால் வாரண்டு போட்டுச் சிறைக்கு அனுப்பும் வழிதான் அடைபடும், பாக்கி அழியாது, அதை வேறு வழியில் வசூல் செய்யலாம்.

மாதம் 600 வீதம் ஒன்பது வருஷத்துக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 64,800 ரூபாய். இதற்காக ஒரு தாய் இருபது வருஷம் படியேறியிருக்கிறாள். 1993-ல் இடுப்பில் இருந்த பிள்ளைக்கு 2013-ல் மீசை முளைத்திருக்கும். அந்தப் பிள்ளை பசித்திருந்த நாளில் வராத சோறு, தீர்ப்பில் வந்து என்ன? தீர்ப்பைக் குறைசொல்லவில்லை, அதை வாங்கிய தாய்க்கு இங்கிருந்து ஒரு வணக்கம் சொல்லுவோம். அவள் வாங்கிய தீர்ப்பு இன்று உசிலம்பட்டிப் பெண்ணுக்கும் வாடிப்பட்டிப் பெண்ணுக்கும் உதவுகிறது.

இந்த "ஒரு வருஷம்" என்பதைத் தாய்மார்கள் முந்தானையில் முடிந்துகொள்ள வேண்டும். மாதம் 3,000 என்று உத்தரவு இருக்கிறது, இருபது மாதமாக அவன் தரவில்லை என்று வையுங்கள். இன்றைக்கு மனுப்போட்டால் கடைசிப் பன்னிரண்டு மாதத்துக்கு, அதாவது 36,000-க்குத்தான் வாரண்டு. முந்திய எட்டு மாதத்து 24,000-க்குத் தனியாக வேறு வழி பார்த்து அலையவேண்டும். "இந்தத் தீபாவளிக்குத் தருவான், அடுத்த பொங்கலுக்குத் தருவான்" என்று காத்திருந்த பொறுமைக்குக் கிடைத்த தண்டனை அது. பாக்கி நிற்க ஆரம்பித்ததும் மனுப்போட்டு விடுங்கள். மனு நடக்கும்போதே ஏறுகிற பாக்கியை அதே மனுவில் சேர்த்துக் கேட்கலாம். மாதாமாதம் புது மனு வேண்டாம்.

சில சூரர்கள் இருக்கிறார்கள். "ஒரு மாசம் உள்ளே இருந்துவிட்டு வருகிறேன், கணக்குத் தீர்ந்தது" என்று டீக்கடையில் உட்கார்ந்து பேசுகிறார்கள். தீராது ஐயா! சிறை என்பது பணத்தைக் கக்கவைக்கும் வழி. பணத்துக்குப் பதில் அல்ல. 1988-லேயே சுப்ரீம் கோர்ட்டு இதைச் சொல்லியாயிற்று. ஜெயில் களியைத் தின்றுவிட்டு வந்தாலும் பிள்ளையின் சோற்றுப் பாக்கி வாசலில் நிற்கும்.

"வேலை இல்லை, எங்கிருந்து கொடுப்பேன்?" என்ற கேள்விக்கு வருவோம். இதை எடுத்த எடுப்பில் தள்ளிவிட முடியாது. ஹார்வி மில் சங்குச் சத்தத்துக்கு எழுந்து படுத்த ஊர் இது. அந்தச் சங்குகள் ஒவ்வொன்றாக அடங்கியதையும், நிரந்தர வேலை போய்க் காண்டிராக்டு வேலை வந்ததையும், மேலூர்ப் பக்கம் பெரியாற்றுத் தண்ணீர் பிந்துகிற வருஷம் நடவுக் கூலி இல்லாமல் திருப்பூருக்கும் கேரளத்துக்கும் பஸ் ஏறுகிறவர்களையும் நமக்குத் தெரியும். மெய்யாகவே வருமானம் விழுந்துபோன தகப்பன் உண்டு. அவனுக்கும் சட்டத்தில் வழி இருக்கிறது. நிலைமை மாறினால் தொகையைக் குறைக்கச் சொல்லி அவனே மனுப்போடலாம். பழைய சட்டத்தில் 127, புதியதில் 146. அந்த வழியில் போகிறவனுக்கு நம் சங்கம் துணை நிற்கட்டும். மனுவும் போடாமல், பணமும் அனுப்பாமல், போன் நம்பரை மாற்றிக்கொண்டு மறைகிறவனுக்கு எந்தத் துணையும் கிடையாது. உடம்பில் வலுவுள்ளவன் கூலி வேலை செய்தாவது மனைவி மக்களைக் காப்பாற்ற வேண்டும் என்று 2022-ல் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. கூலி வேலை கேவலம் என்று நினைக்கிற கனவான்களுக்குச் சொன்னது அது. நமக்கு அதைக் கோர்ட்டா சொல்லவேண்டும்?

வருமானத்தை மறைக்கிறவர்களும் உண்டு. ஆட்டோவைத் தம்பி பேரிலும், வீட்டை ஆத்தாள் பேரிலும் எழுதிவிட்டுக் கோர்ட்டில் வெறுங்கையை விரிக்கிறவர்கள். 2020 நவம்பருக்குப் பிறகு, இரண்டு தரப்பும் சொத்து, சம்பளம், கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்யவேண்டும் என்ற ஏற்பாடு வந்திருக்கிறது. ஜீவனாம்சம் மனுப்போட்ட தேதியிலிருந்தே கணக்காக வேண்டும் என்பதும் அதே தீர்ப்பில் உண்டு. இங்கேதான் தோழர்களின் உதவி வேண்டும். எந்த மில், எந்த ஷிப்டு, எவ்வளவு சம்பளம் என்பது பக்கத்து மெஷினில் நிற்கிறவனுக்குத் தெரியும். தெரிந்தும் "நமக்கென்ன" என்று வாயை மூடிக்கொள்வதற்குப் பெயர் தோழமை இல்லை.

இப்போது மிகவும் கசப்பான விஷயம். பாக்கிக்கு வாரண்டு வந்ததும் சில தகப்பன்மார்களுக்குத் திடீரென்று பாசம் பொங்குகிறது. "பணமா கேட்கிறாய்? பிள்ளையை என்னிடம் விடு, நானே வளர்த்துக்கொள்கிறேன்" என்று எதிர் மனு. இரண்டு வருஷமாகப் பிள்ளை எந்த வகுப்புப் படிக்கிறது என்று கேட்காதவன், சித்திரைத் திருவிழாவில் ஒரு பலூன் வாங்கிக் கொடுத்துப் படம் பிடித்ததைச் சாட்சியாகக் காட்டுகிறான். தாய்க்கு ஈரக்குலை நடுங்குகிறது. "சாமி, உன் பணமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், பிள்ளையை மட்டும் விட்டுவிடு" என்று மனுவை வாபஸ் வாங்குகிறாள். அவன் எதிர்பார்த்தது அதைத்தான். அவன் பிள்ளையைக் கேட்டது வளர்ப்பதற்கல்ல, பாக்கியைத் தள்ளுபடி செய்வதற்கு!

தாய்மார்களே, பயப்படாதீர்கள். பாக்கி வேறு, பிள்ளை யாரிடம் வளர்வது என்பது வேறு. பிள்ளை நாளைக்கே தகப்பனிடம் போனாலும் நேற்றுவரை ஏறிய பாக்கி நேற்றுவரை ஏறிய பாக்கிதான். 1890-ம் வருஷத்துக் கார்டியன் சட்டமும் 1956-ம் வருஷத்து இந்துச் சட்டமும் பிள்ளையின் நலனைத்தான் முன்னே வைக்கின்றன. ஐந்து வயது முடியாத பிள்ளை சாதாரணமாகத் தாயிடம் இருக்கவேண்டும். விவரம் தெரிந்த பிள்ளையாக இருந்தால் நீதிபதி அதன் விருப்பத்தையும் கேட்பார். யாரிடம் பணம் அதிகம் என்பது மட்டும் தீர்ப்பைத் தீர்மானிக்காது. நீங்கள் மில்லுக்கு இராத்திரி ஷிப்டு போகிறீர்கள், களையெடுக்கப் போகிறீர்கள் என்பதற்காக நீங்கள் தகுதியில்லாத தாய் ஆகிவிட மாட்டீர்கள்.

அதே சமயம், ஒருமுறை தீர்ப்பாகிவிட்டது, இனி யாராலும் மாற்ற முடியாது என்றும் நினைக்க வேண்டாம். சென்னை ஐகோர்ட்டிலிருந்து ஒரு தம்பதியின் வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது, மூன்று பிள்ளைகள். 1973 ஏப்ரலில் தீர்ப்பு. பிள்ளைகள் தட்டுமுட்டுச் சாமான்கள் அல்ல, பெற்றோரின் விளையாட்டுப் பொம்மைகளும் அல்ல என்று அதில் கண்டிருக்கிறது. பிள்ளையை யாரிடம் விடுவது என்ற உத்தரவு அப்போதைய நிலைமைக்கு உரியது, நிலைமை மாறினால், பிள்ளைக்கு நல்லது என்றால், மாற்றலாம் என்பதும் அந்தத் தீர்ப்புத்தான். இது இருபுறமும் வெட்டும். தாய் நோயாளியாகிவிட்டாள், அல்லது பிள்ளைக்கு அந்த வீட்டில் அடி உதை என்றால் தகப்பன் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். தகப்பனிடம் போன பிள்ளை பள்ளியை விட்டு டீக்கடையில் கிளாஸ் கழுவுகிறது என்றால் தாய் திரும்பக் கேட்கலாம். அப்படிப் பிள்ளை இடம் மாறினால், பழைய ஜீவனாம்ச உத்தரவு தானாக நின்றுவிடும் என்று நம்பிச் சும்மா இருக்கக்கூடாது. தகப்பன் கோர்ட்டுக்குப் போய் அதை மாற்றிக்கொள்ள வேண்டும். சம்பாதிக்கிற தாய்க்கும் பிள்ளையைக் காக்கும் கடமையை 1956-ம் வருஷத்து ஜீவனாம்சச் சட்டம் விதித்திருக்கிறது.

தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. "பணம் தந்தால்தான் பிள்ளையைக் காட்டுவேன்" என்று கதவைச் சாத்துகிறவர்கள் உண்டு. கோபம் நமக்குப் புரிகிறது. ஆனால் தகப்பனைப் பார்ப்பது பிள்ளையின் பாத்தியதை. அதை வைத்துப் பேரம் பேசினால், பிள்ளையை வைத்துப் பேரம் பேசிய அவனுக்கும் நமக்கும் வித்தியாசம் என்ன?

தகப்பன் ஓடிப்போன வீட்டில் இன்னொரு தொல்லை. பள்ளிக்கூடத்தில், பாங்கியில், "அப்பாவைக் கூட்டிவா, கையெழுத்து வேண்டும்" என்கிறார்கள். எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தம் மகன் பெயரில் பத்திரம் வாங்கப் போனபோது ரிசர்வ் பாங்கியே அப்படித்தான் கேட்டது. அவர் வழக்காடினார். தகப்பன் பொறுப்பில் இல்லாதபோது தாயே கார்டியன் என்று 1999 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. அடுத்த தடவை கேட்டால் இந்த வருஷத்தைச் சொல்லுங்கள்.

ஊர்ப் பஞ்சாயத்துச் சீட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஆலமரத்தடியில் உட்கார்ந்து, ஒரு தொகையைத் தாயின் கையில் கொடுத்து, "இனிமேல் எனக்கும் என் பிள்ளைகளுக்கும் எந்தப் பாத்தியமும் இல்லை" என்று எழுதிக் கைரேகை வாங்குகிறார்கள். தாய் தன் பங்கை விட்டுக்கொடுக்கலாம். பிள்ளையின் பங்கை விட்டுக்கொடுக்க அவளுக்கே அதிகாரம் இல்லை என்றால், பஞ்சாயத்தாருக்கு எங்கிருந்து வந்தது? அந்தச் சீட்டைக் காட்டி மிரட்டினால் மிரள வேண்டாம்.

சட்டம் இருக்கிறது, சரி. கைக்கு வருகிறதா? நோட்டீசு சேர்ந்த 60 நாளைக்குள் இடைக்கால ஜீவனாம்ச மனுவை இயன்றவரை முடிக்கவேண்டும் என்று 2001-லேயே எழுதிவைத்தார்கள். குடும்பக் கோர்ட்டில் ஒரு ஜீவனாம்ச வழக்கு ஒன்பது வருஷம் கிடந்ததைக் கண்டு 2014-ல் சுப்ரீம் கோர்ட்டே வருத்தப்பட்டது. வாரண்டு இருக்கிறது, போலீஸ்காரருக்கு நேரமில்லை. ஆள் திருப்பூரில் இருக்கிறான், தேடிப்போக நாதியில்லை. ஒரு நாள் வாய்தாவுக்கு ஒரு நாள் கூலி போகிறது. வாய்தா தள்ளிப்போனால் அதுவும் வீண்.

வேறு நாடுகளில் என்ன செய்தார்கள்? சோவியத் நாட்டில் 1936-ல் ஒரு சட்டம்: ஒரு பிள்ளைக்குத் தகப்பன் சம்பளத்தில் கால் பங்கு, இரண்டு பிள்ளைக்கு மூன்றில் ஒரு பங்கு, மூன்றும் அதற்கு மேலும் என்றால் பாதி. அதே சட்டம் கருக்கலைப்பைத் தடைசெய்து பெண்களுக்கு வேறொரு விலங்கையும் பூட்டியது. அதை நாம் மெச்ச முடியாது. ஆனால் அந்தப் பங்குக் கணக்கு மட்டும் இன்றைய ருஷ்யச் சட்டத்திலும் நிற்கிறது. சுவீடனில் 1930-களின் கடைசியிலேயே, தகப்பன் தராவிட்டால் சர்க்கார் முதலில் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு தகப்பனிடம் வசூல் செய்யும் ஏற்பாடு வந்துவிட்டது. வசூல் செய்யும் வலு யாரிடம் இருக்கிறது? நடவு வயலில் குனிந்து நிற்கிற பெண்ணிடமா, தாசில்தாரும் போலீசும் கையில் வைத்திருக்கிற சர்க்காரிடமா? இந்த ஏற்பாட்டைத்தான் தமிழ்நாட்டு சர்க்காரிடம் நாம் கேட்க வேண்டும். ஆலைச் சம்பளத்தில் பி.எப். பிடிக்கத் தெரிகிறது, சொசைட்டிக் கடன் பிடிக்கத் தெரிகிறது. கோர்ட்டு உத்தரவுப்படி பிள்ளையின் பணத்தைப் பிடித்துத் தாயின் கணக்கில் கட்டுவதை மட்டும் ஏன் அத்தனை கஷ்டமாக்கி வைத்திருக்கிறார்கள்?

அதுவரை நம் கைக்கு எட்டியதைச் செய்வோம். மனுப்போடப் புருஷன் இருக்கும் ஊருக்கு ஓடவேண்டியதில்லை. நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம். குடும்பக் கோர்ட்டு எல்லைக்குள் இருந்தால் அங்கே, இல்லையென்றால் உங்கள் தாலுகா மாஜிஸ்திரேட்டு கோர்ட்டில். குடும்பக் கோர்ட்டில் வக்கீல் வைத்தே தீரவேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. வேண்டுமென்றால், பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் கொடுக்க 1987-ம் வருஷத்துச் சட்டம் இருக்கிறது. ஜில்லாக் கோர்ட்டில் உள்ள சட்ட உதவி ஆபீசில் கேளுங்கள். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். அப்பீல் என்றால் சென்னைக்கு ரயில் ஏறிய காலம் 2004 ஜூலையோடு போயிற்று. ஐகோர்ட்டு கிளை மதுரையிலேயே இருக்கிறது.

கூட்டம் முடிந்ததும் உத்தரவு நகல் வைத்திருக்கிற தாய்மார்கள் மேடைக்குப் பக்கத்தில் வாருங்கள். நகல் தொலைந்திருந்தால் வழக்கு நம்பரும் வருஷமும் போதும். கடைசியாக எந்த மாதம் பணம் வந்தது என்று நினைவுபடுத்தி வையுங்கள். பத்து, பதினொரு மாதம் ஆகிவிட்டவர்கள் முதல் வரிசைக்கு வாருங்கள். அவர்களுடைய மனுவைத்தான் முதலில் எழுதவேண்டும்.